தொய்வின் கணக்கு

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வடபகுதியில், குளத்தூர் வட்டத்தைச் சேர்ந்த குன்றாண்டார்கோவிலுக்கு வருகிற யாத்ரிகர்களும் சிற்பப் பிரியர்களும், பல்லவமல்லனான இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், குன்றைக் குடைந்து அமைக்கப்பெற்றதென்று கருதப்படும் சிவபெருமானின் குடைவரையையும், அதன் முன்னே விஜயநகர காலத்தில் சக்கரங்களும் குதிரைகளும் கொண்ட ரதத்தின் உருவில் எழுப்பப்பட்ட நூற்றுக்கால் மண்டபத்தையும் கண்டு வியந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறார்கள். ஊருக்கு வெளியே கடலைக் கொல்லையில் களை வெட்டு நடக்கிற நாட்களில், வரப்போரத்து வேம்பிலோ புளியிலோ பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டி, அதற்குள் குழந்தையைக் கிடத்தி, வேலைக்கிடையே வந்து ஒரு கையால் ஆட்டிவிட்டுப் போகும் தாய்மார்களின் தூளியை ஒரு சிற்ப அதிசயமாக எவரும் கருதுவதில்லை. ஆயினும், பாரத்தை எப்படித் தாங்குவது என்ற ஒரே கேள்விக்கு மண்டபம் ஒரு விடையென்றால் தூளி அதற்கு நேர் எதிரான இன்னொரு விடை. இரண்டாவது விடையைப் பற்றியதே இக்கட்டுரை.

கருங்கல், தன்மேல் ஏற்றப்படும் சுமையை அழுத்தமாக ஏற்றுக்கொள்வதில் மகா சமர்த்தானது. ஆனால் தன்னை இழுத்துப் பிரிக்க முற்படும் விசைக்கு அது ஈடுகொடுக்கும் அளவோ, அழுத்தத்துக்கு ஈடுகொடுப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இரு தூண்களின்மேல் கிடத்திய கல் உத்தரம், கண்ணுக்குத் தெரியாத அளவில் நடுவே வளையும்போது, அதன் மேற்புறம் நெருக்குண்டு அடிப்புறம் இழுபடுகிறது. தூண்களுக்கிடையே தூரம் மிகுந்தால் அந்த அடிப்புறத்தில்தான் முதல் கீறல் விழும். ஆகவே ஸ்தபதி தூண்களை நெருக்கமாக நட்டார்; அத்தனை கால்கள் வேண்டியிருந்ததற்குப் பக்தியும் அலங்கார உணர்ச்சியும் காரணங்களென்றால், பௌதிகமும் ஒரு காரணந்தான். துணியும் கயிறும் இதற்கு முற்றும் மாறான ஸ்வபாவம் உடையவை. தள்ளினால் மடங்கிவிடுவதைத் தவிர அவற்றுக்கு வேறொன்றும் தெரியாது. இழுத்தால் மட்டுமே அவை பலசாலிகள். இழுவிசை ஒன்றைக்கொண்டே ஒரு மனிதனின் முழுப் பாரத்தையும் அந்தரத்தில் நிறுத்த வேண்டுமானால், கயிறு எவ்வளவு தடிப்பு என்பதைவிட அது எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதே முக்கியம் என்று காட்டுவதுதான் என் நோக்கம்.

இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கு படுக்கை கட்டுகிறவர்கள், மலைப்பிரதேசங்களில் முகாமிடச் செல்லும் இளைஞர்கள் உட்பட, பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: தொய்ந்த கயிறு பலவீனமானது, விறைத்த கயிறு பலமானது என்று எண்ணிக்கொண்டு, படுக்கையைக் கொடிக்கயிற்றைப் போல இழுத்துக் கட்டுகிறார்கள். கணக்கு இதை ஒப்புக்கொள்வதில்லை. படுத்திருப்பவரின் எடையைப் புவியீர்ப்பு நேர் கீழாக இழுக்கிறது. அதை எதிர்த்து மேல்நோக்கித் தாங்கக்கூடியது இரு கயிறுகளின் இழுவிசையில் செங்குத்தாக அமைந்த கூறு மட்டுமே. கயிறு கிடைமட்டத்தை நெருங்க நெருங்க அந்தக் கூறு சிறுத்துக்கொண்டே போவதால், அதே எடையைத் தூக்கிப் பிடிக்க மொத்த இழுவிசை பெருகிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 45 பாகை இறங்கினால் ஒவ்வொரு கயிற்றிலும் ஏறத்தாழ 42 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. 30 பாகையில் சரியாக 60 கிலோ. 15 பாகையில் 116. 10 பாகையில் 173. வெறும் 5 பாகையில் 344 கிலோ. அதாவது, ‘நன்றாக விறைப்பாகக் கட்டிவிட்டேன்’ என்று திருப்திப்படுகிறவர், தம்மைப்போல் ஐவரின் பாரத்துக்கும் மேற்பட்டதை ஒவ்வொரு கயிற்றின்மேலும் சுமத்திவிட்டு, அதன்கீழ் நிம்மதியாகக் கண்ணயர முயல்கிறார். தவிரவும், மெதுவாக உட்காராமல் பொத்தென்று விழுந்தால், திடீரென ஏற்றப்படும் பாரத்துக்கு உரிய விதிப்படி, அந்த க்ஷணத்தில் இழுவிசை இவற்றின் இருமடங்கை எட்டும். உயரத்திலிருந்து குதித்தால் அதற்கும் மேலே.

தொங்குவனவற்றின் வளைவு ஐரோப்பிய அறிஞர்களை வெகுகாலம் அலைக்கழித்தது. 1638இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ, தொங்கும் சங்கிலியைப் பரவளையத்துக்கு ஒப்பாக எழுதினார்; அது பரவளையமன்று, தனக்கென்று ஒரு சமன்பாடு உடைய வேறு வளைவு என்பதை 1691இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1675இல், ராபர்ட் ஹூக், தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கிடைப்பதே கல் வளைவுக்குரிய உத்தம வடிவம் என்பதை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, பிறர் களவாடாதபடி பத்திரப்படுத்திக்கொண்டார். இழுவிசையின் உருவத்தைக் கவிழ்த்தால் அழுத்தத்தின் உருவம் வந்துவிடுகிறது என்ற அந்த விஷயம் அழகானதுதான். ஆனால் படுக்கை கட்டப்போகிறவருக்கு அதனால் பெரிய உபயோகமில்லை.

அவருக்கு வேண்டியது 30 பாகை. ஏன் 30 என்றால், அதில் கயிற்றின் இழுவிசை படுத்திருப்பவரின் எடைக்குச் சமமாக நிற்கிறது. அதற்குமேல் சரிவைக் கூட்டினால் இழுவிசை இன்னும் குறையுமாயினும், கயிற்றை மரத்தில் எட்டாத உயரத்தில் கட்ட நேரும். கோணமானியைத் தேடிப் போக வேண்டியதில்லை. மரத்திலிருந்து படுக்கையின் திசையில் 7 சாண் அளந்து, அந்த இடத்தில் கயிறு, மரத்தில் கட்டிய உயரத்தைவிட 4 சாண் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். 7க்கு 4 என்ற அந்தச் சரிவு 30 பாகைக்கு ஒரு பாகையில் ஏறத்தாழக் கால் பங்குதான் குறைவு. உதாரணமாக, 3.3 மீட்டர் நீளமுள்ள துணிப்படுக்கையை 4.5 மீட்டர் இடைவெளியுள்ள இரு மரங்களுக்கு நடுவே, உட்காருமிடம் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டரில் இருக்கும்படி கட்ட வேண்டுமானால், கயிறுகளை மரத்தில் சுமார் 1.8 மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கட்ட வேண்டும். மரங்கள் 6 மீட்டர் விலகியிருந்தால் அந்த உயரம் 2.2 மீட்டருக்குப் போய்விடும்.

ஆனால் கயிற்றின் கோணம் வேறு, துணியின் தொய்வு வேறு. முகாம் படுக்கைகளில் இவ்விரண்டையும் பிரித்து ஆள்வதற்காக ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். படுக்கையின் இரு நுனிகளையும் மேலே நேராக இணைத்து மெல்லிய கயிறு ஒன்றை ஓடவிடுகிறார்கள். அதன் நீளம் படுக்கையின் நீளத்தில் ஏறத்தாழ 83 விழுக்காடு, ஆறில் ஐந்து பங்கு என்று கொள்ளலாம். இந்த முகட்டுக் கயிறு இருக்கும்வரை, மரங்கள் கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், இரு நுனிகளுக்கும் உள்ள தூரம் மாறாது. ஆகவே துணியின் தொய்வும் ஒவ்வோர் இரவும் ஒரேவிதமாக அமையும். வெளிக்கயிறுகளை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருந்தால் அந்த அதிகப்படி இழுவிசையை முகட்டுக் கயிறு தன்மேல் ஏற்றுக்கொண்டு விறைத்துவிடும். எனவே படுத்தபடியே கையை உயர்த்தி அதை இரு விரல்களால் வளைத்துப் பார்ப்பது நல்ல சோதனை: சற்றுச் சிரமத்துடன் வளைந்தால் கோணம் சரி, மீட்டிய தந்தியாக அதிர்ந்தால் கட்டை மேலே ஏற்ற வேண்டும், துவண்டு கிடந்தால் கீழே இறக்க வேண்டும்.

இனிப் படுக்கும் முறை. தொய்ந்த துணியில் நீளவாக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளைகிறது என்று பலர் புகார் சொல்லி, அதனாலேயே மறுபடி விறைப்பாகக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பரிகாரம் கயிற்றில் இல்லை, படுப்பவரின் திசையில் இருக்கிறது. துணியின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் குறுக்காக, தலை ஒரு புறமும் கால் மறுபுறமும் சாயும்படி படுத்தால், உடலின் கீழுள்ள துணி விரிந்து ஏறத்தாழச் சமதளமாகிவிடும். அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் நூற்றாண்டுகளாக இப்படித்தான் படுத்துறங்குகிறார்கள். 1492இல் கொலம்பஸின் கூட்டத்தார் பகாமாஸ் தீவுகளில் கண்ட பருத்திப் படுக்கைகள் அவர்களுடையவையே. அவற்றைப் பார்த்துக் கற்ற ஐரோப்பிய மாலுமிகள் கப்பலில் தொங்கவிட்டபோது, கப்பல் எந்தப் பக்கம் உருண்டாலும் படுக்கை செங்குத்துக் கோட்டையே நாடி நிற்பதைக் கண்டு சுகப்பட்டார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. நம் உடலின் கனம் பெரிதும் இடுப்புக்கு மேலேயே இருப்பதால், இரு நுனிகளும் ஒரே உயரத்தில் இருந்தால் அந்தக் கனம் நடுப்பள்ளத்தை நாடி உடல் கால்பக்கமாகச் சரியும். கால்பக்கத்துக் கட்டை ஒரு சாண் உயர்த்திவிட்டால் சரிவு நின்றுவிடுகிறது.

கயிற்றைத் தேர்வதில் நீட்சியே முதல் விஷயம். நைலான் வலுவானது என்ற கீர்த்தி உண்மைதான். ஆனால் அது பாரத்தில் நீளும் குணமுடையது, நனைந்தால் இன்னும் நீண்டு, வலுவிலும் சற்றுக் குறையும். ஆகவே மாலையில் முழங்கால் உயரத்தில் இருந்த படுக்கை விடியற்காலையில் புல்லைத் தொட்டுக்கொண்டிருப்பது நைலான் கயிற்றின் வேலையாக இருக்கும். பாலியெஸ்டர் நாடா அவ்வளவு நீளாது. முகாம்காரர்கள் அதையே மரத்தைச் சுற்றக் கட்டுகிறார்கள். மீயுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் இழைகள் எடைக்கு எடை எஃகை விஞ்சும் வலுவும், மிகக் குறைந்த நீட்சியும் உடையவை. ஆனால் வழவழப்பானவையாதலால் சாதாரண முடிச்சு அவற்றில் நழுவிவிடும், சுமார் 150 பாகை வெப்பத்திலேயே உருகியும் விடும். பருத்தியோ நனைந்தால் வலுக் கூடும் அபூர்வமான இழை. கொல்லைக்காட்டுத் தூளிக்குப் பளபளப்பான செயற்கைப் பட்டைத் தவிர்த்து, துவைத்துத் துவைத்து மெத்தென்றான நூல் புடவையையே பெண்கள் எடுப்பதற்குக் குழந்தையின் தோல் ஒரு காரணமென்றால், முடிச்சு பிடித்து நிற்பது இன்னொரு காரணம்.

முடிச்சைப்பற்றிச் சொல்லும்போது ஓர் ஆச்சரியத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால், உராய்வினால், ஒரு முனையில் உள்ள இழுப்பை மறுமுனையில் பன்மடங்கு சிறிய விசையைக்கொண்டு தடுத்து நிறுத்திவிடலாம். இது கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்வது. உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 285 மடங்கு. 60 கிலோ இழுப்பை, இரண்டு சுற்றுக்குப் பின், ஒன்றரைக் கிலோ விசையால் ஒரு சிறுமி பிடித்து நிறுத்திவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்குச் சூத்திரம் கண்டார். மிரளும் காளையின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கிறவருக்கு அந்தச் சூத்திரம் தேவைப்பட்டதில்லை. ஆகவே சுற்றுகளே பாரத்தைத் தாங்குகின்றன. கடைசி முடிச்சு சுற்றுகள் அவிழாமல் காவல் காப்பதோடு சரி. சுற்றில்லாத இறுக்கமான முடிச்சோ, கயிற்றின் வலுவைப் பாதிவரைகூடக் குறைத்துவிடக் கூடியது.

சரி, மரம்? இங்கே முகாம்காரர்கள் பெரும்பாலும் தங்களைப்பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள், மரத்தை மறந்துவிடுகிறார்கள். வேம்பு, புளி, பூவரசு முதலியவற்றில், இலையில் ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டைக்கு அடியிலேயே இருக்கிறது. மெல்லிய கயிறு அங்கே அறுத்தால் மரம் பட்டினி கிடக்க நேரும். கயிறு மரத்தின்மேல் செலுத்தும் அழுத்தம், இழுவிசையை மரத்தின் ஆரத்தாலும் கயிற்றின் அகலத்தாலும் வகுத்தால் கிடைப்பது. 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்தில் 70 கிலோ இழுப்பை 6 மில்லிமீட்டர்க் கயிற்றால் கட்டினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ. 25 மில்லிமீட்டர் அகல நாடாவால் கட்டினால் அதில் கால்பங்குக்கும் குறைவு. பனைமரம் இதற்கு விலக்கு. அதன் குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால், ஒரு கயிற்றின் உரசலால் அது சாவதில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் அந்தத் தழும்பை ஆற்றிக்கொள்ளவும் மாட்டாது. முருங்கையைப்பற்றி எச்சரிக்கத் தேவையில்லை, ஊரே அறிந்தது.

தூளிக்கு இரண்டு மரம் வேண்டாம், ஒரே கிளை போதும். இதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. துணியின் இரு முனைகளும் ஒரே இடத்தில் சேர்வதால் கைகள் இரண்டும் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகின்றன. ஒவ்வொன்றும் குழந்தையின் எடையில் பாதியைச் சற்றே விஞ்சிய அளவுதான் தாங்குகிறது. 7 கிலோ குழந்தைக்கு மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பக்கவாட்டு இழுப்பே கிடையாது. கவலையெல்லாம் கிளையின் வளைவைப்பற்றியதுதான்: கட்டு அடிமரத்திலிருந்து விலக விலகக் கிளையின் கவட்டில் விழும் வளைவு விசை அதே விகிதத்தில் பெருகும், கிளையின் தடிப்பு இருமடங்கானால் அதன் தாங்கும் வலு எட்டு மடங்காகும். தாய் தடித்த கிளையாகப் பார்த்துக் கவட்டின் அருகே கட்டுவதில் இவ்விரு விதிகளும் அடங்கிவிடுகின்றன.

ஆட்டத்தின் கணக்கு இன்னும் ரசமானது. ஊசலின் காலம் அதன் நீளத்தையே பொறுத்தது. குழந்தை கனத்தாலும் மெலிந்தாலும் மாறாது. 2 மீட்டர் தூளி ஒருமுறை போய் வர 2.8 விநாடி எடுக்கும். 4 மீட்டர் தூளிக்கு ஏறத்தாழச் சரியாக 4 விநாடி. 2011இல் ஜெனீவாவில், பன்னிரண்டு ஆடவரை ஆடும் கட்டிலில் பகலுறக்கம் கொள்ளவைத்து மூளையலைகளைப் பதிவுசெய்த ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த வேகம் விநாடிக்குக் கால் ஆட்டம், அதாவது 4 விநாடிக்கு ஒன்று. ஆடாத கட்டிலைவிட ஆடும் கட்டிலில் அவர்கள் விரைவாகத் தூங்கினார்கள், உறக்கமும் ஆழமானது. 2019இல் எலிகளைக்கொண்டு நடந்த தொடர் ஆய்வில், உட்காதில் சமநிலையை உணரும் சுண்ணாம்புத் துகள்கள் செயல்படாத எலிகளுக்கு ஆட்டத்தால் எந்தப் பயனும் கிட்டவில்லை. ஆக, தாலாட்டின் வழி செவியேதான். பாட்டு நுழையும் வாசலும் அசைவு நுழையும் வாசலும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இப்போது வீடுகளில் உத்தரத்துக்கும் தூளிக்கும் நடுவே எஃகுச் சுருள்வில் மாட்டுகிறார்கள். சுருள்வில்லின் மேல்கீழ் ஆட்டம், ஊசலைப் போலன்றி, குழந்தையின் எடையைப் பொறுத்து மாறுவது. மூன்று மாதத்தில் வேகமாகக் குதித்த தூளி பத்தாம் மாதத்தில் தயங்கித் தயங்கி அசையும். கொக்கியும் வில்லும் தேய்வதை யாரும் பார்ப்பதில்லை என்பதால், எனக்கு இந்த நவீனத்தின்மேல் அவ்வளவு அபிமானம் இல்லை.

தூளியின் புகழைப் பாடிவிட்டு அதன் ஆபத்தை மறைப்பது நியாயமாகாது. துணியின் வளைவில் குழந்தையின் மோவாய் மார்போடு ஒட்டிக்கொண்டால், இன்னும் உறுதிப்படாத மூச்சுக்குழல் குறுகும். அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் உறக்கத்துக்குச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாத்திக் கிடத்தச் சொல்கிறார்கள். பக்கங்களை அகற்றிவைக்கும் தொட்டில் கம்பு, முகத்தின்மேல் துணி மூடாமல் காக்கிறது. முதுகின் வளைவைப் போக்காது. புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கிய குழந்தையைத் தூளியில் தனியே விடலாகாது. பெரிய பிள்ளைகள் அதில் ஏறி முறுக்கிச் சுழல்வது எல்லாவற்றிலும் கொடியது. முறுக்கிய புடவை கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் மாண்ட செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. வேகமாக ஆட்டுவதும் கூடாது: இருபுறமும் 60 பாகை வரை வீசி ஆட்டினால், அடியில் கடக்கும் க்ஷணத்தில் துணியின் இழுவிசை இருமடங்காகும்.

மரமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் நடந்தே சமயபுரம் போய், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபடி கரும்புத் தொட்டில் எடுக்கிறார்களே, அதில் இதற்கு விடை இருக்கிறது. சேர்த்துக் கட்டிய கரும்புகளின் இரு முனைகளைத் தோளில் தாங்கி, நடுவே புடவையைத் தொங்கவிட்டுக் குழந்தையைக் கிடத்திப் பிராகாரத்தைச் சுற்றுகிறார்கள். இரு மரங்களை உள்நோக்கி இழுத்திருக்கக்கூடிய பக்கவாட்டு விசை இங்கே கரும்பை நீளவாக்கில் நெருக்குவதோடு தீர்ந்துவிடுவதால், தோள்களுக்கு எஞ்சுவது செங்குத்தான எடை மட்டுமே. மலைக்கிராமங்களில் மூங்கிலில் போர்வையைக் கட்டி நோயாளியைச் சுமந்துவரும் டோலியும் இதே தத்துவந்தான். கரும்பு வளைவுக்கு எளிதில் இடங்கொடுப்பது. ஆகவே துணியின் முடிச்சுகளைக் கரும்பின் நடுவில் போடாமல் தோள்களுக்கு அருகே போடுவது நல்லது. 60 சென்டிமீட்டர் தொங்கும் துணி பக்கவாட்டில் ஒருமுறை ஆடிவர ஒன்றரை விநாடி ஆகிறது; கூட்ட நெரிசலில் அடி மெதுவாகி, இரண்டடி வைக்க அதே ஒன்றரை விநாடி ஆகிவிட்டால், ஒவ்வோர் அடியும் ஆட்டத்தை ஊதிப் பெருக்கிவிடும். முன்னால் போகிறவர் வலக்காலை வைக்கும்போது பின்னால் வருகிறவர் இடக்காலை வைத்து நடந்தால், ஒருவருடைய அசைவை மற்றவருடைய அசைவு பெரிதும் தணித்துவிடும்.